முதுகாளுக்கு ஓர் ஆயுதம்

ஜீப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள் சார். அந்தக் கல்லில் வேண்டாம், அது ஆடும். இப்படி வாருங்கள்.

நீங்கள் இரண்டு காரியமாக வந்திருக்கிறீர்கள். ஒன்று, என் தங்கை வெள்ளச்சி அனுப்பி வந்திருக்கிறீர்கள். உங்கள் காப்பித் தோட்டத்தில் களை எடுக்கிறவள். "எங்க வீட்டுக்காரருக்கு இழுத்துக்கிட்டு இருக்கு சார், மேலக்குழியில எங்க அண்ணன் இருக்கார், ஜீப்புல கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்று அழுதிருப்பாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை. இன்னொன்று உங்கள் சொந்தக் காரியம். பலா பழுத்ததிலிருந்து உங்கள் தோட்டத்தில் கரடி இறங்குகிறது. விடிகாலையில் நடக்கும்போது கையில் என்ன வைத்துக்கொள்வது என்று ஊரெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எல்லாரும் "தீர்த்தன் மூஞ்சியைப் போய்ப் பாருங்க" என்று சொல்லியிருப்பார்கள்.

பாருங்கள். நன்றாகவே பாருங்கள். பக்கவாட்டில் திருட்டுப் பார்வை பார்க்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது. இந்தக் கண் அன்றைக்கே போய்விட்டது. கன்னத்தில் இருப்பது தொடைத் தோல். வெற்றிலை போட்டால் இந்தப் பக்கமாக ஒழுகும், அதனால் போடுவதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முதல் காரியத்துக்கு அவசரம் இல்லை. சடையன் அவ்வளவு லேசில் சாகிறவன் இல்லை. போன ஐப்பசியிலும் இப்படித்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். நான் போகவில்லை. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான்.

இப்போது இந்த மலையில் வேட்டை கிடையாது. வனத்துறை நிறுத்திவிட்டது. தை மாதம் வாழைமரம் ஒன்றை நட்டு அதில் அம்பு விடுகிறோம். சாமிக்கும் அது போதும் போலிருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. நான் சொல்வது அதற்கு முந்தி நடந்தது. எங்கள் சாமி வில்லாண்டப்பன். பொங்கல் கழிந்து அவருக்காக ஒரு வேட்டை. அந்த வேட்டைக்கு வில்தான். முதல் ரத்தம் அம்பில்தான் வர வேண்டும்.

வில் நல்ல ஆயுதம் சார், பன்றிக்கு. கரடிக்கு ஆகாது. வில்லாளுக்கு இரண்டு கையும் வில்லில் இருக்கும். நாணை இழுத்து முடிப்பதற்குள் அது மேலே ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு வில்லாளுக்கும் ஒரு முதுகாள் உண்டு. முதுகுக்குப் பின்னால் நிற்கிற ஆள். அவன் வேட்டை ஆடக்கூடாது. பேசக்கூடாது. வில்லாளைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது. ஆபத்து என்று தெரிந்தால் தோளைத் தொடலாம், அவ்வளவுதான். அவன் கையில் ஒரே ஒரு ஆயுதம் இருக்கும். ஏதாவது மேலே விழுந்தால் அதை வைத்து வில்லாளைக் காப்பாற்ற வேண்டும்.

யார் முதுகாளாக நிற்கலாம் என்பதற்கும் வழக்கம் இருக்கிறது. அண்ணன் தம்பி நிற்கக்கூடாது. பங்காளிக்கு நிலத்தின் மேல் கண் இருக்கும். தங்கை புருஷன் நிற்கலாம், அக்காள் புருஷன் நிற்கலாம். ஏன் என்று கேளுங்கள். அவன் என்னை விட்டுவிட்டு ஓடிவந்தால், அன்றைக்குச் சாயங்காலம் யார் கையால் சோறு வாங்கித் தின்பான்? செத்தவனோடு கூடப்பிறந்தவள் கையால். அதை நினைத்தால் ஓடமாட்டான். எங்கள் முன்னோர்கள் மனுஷனை நம்பவில்லை சார். சோற்றை நம்பினார்கள்.

அப்படி எனக்கு வாய்த்த முதுகாள் சடையன். வெள்ளச்சியைக் கட்டினவன். பல வருஷம் எனக்குப் பின்னால் நடந்தான். நடந்தான் என்றால் நடந்தான், அவ்வளவுதான். ஒரு கரடியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. சும்மா கூட வந்துவிட்டுப் பன்றிக் கறியில் பங்கு வாங்கிக்கொண்டு போவான். நான் ஒன்றும் சொன்னதில்லை. தங்கை வீட்டுக்குத்தானே போகிறது என்று விட்டுவிடுவேன்.

அவன் கையில் எப்போதும் ஒரு ஈட்டி இருக்கும். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். இரும்புக்குக் கீழே ஒரு குறுக்குக் கட்டை வைத்துக் கட்டியிருப்பான். அது உண்ணிச்செடியில் மாட்டும், கொடியில் மாட்டும், ஒவ்வொரு தடவையும் நான் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்களும் அதே காட்டுக்குத்தான் வருவார்கள். அவர்கள் சிரிப்பார்கள். "என்னா தீர்த்தா, பின்னாடி ஒருத்தன் தொரட்டியோட வர்றான். வேட்டைக்குப் போறியா, புளி உலுக்கப் போறியா?" எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு எல்லாம் தெரியும். யோசித்துத்தான் முடிவு எடுத்தேன். கோடாலி ஆகாது, புதருக்குள் ஓங்க இடம் இருக்காது. அரிவாள் ஆகாது. அரிவாள் எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டால் கரடியின் கை நம் முகத்தில் இருக்கும். ஈட்டியோ வெறும் தொரட்டி. மிச்சம் என்ன? துப்பாக்கி. அதுவும் நீளத் துப்பாக்கி கூடாது. இடுப்பில் செருகிக்கொள்கிற மாதிரி குட்டையாக இருக்க வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு கொல்லன் இருந்தான், இப்போது இல்லை. ஒரு கிடாரிக் கன்றை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்து அவனிடம் செய்து வாங்கினேன். நாட்டுத் துப்பாக்கிக் குழாயை முழ நீளத்துக்கு அறுத்து, பலாக் கட்டையில் பிடி போட்டுக் கொடுத்தான். எண்ணெய் போட்டுத் துடைத்தால் நாவல்பழம் மாதிரி மின்னும். அந்த மாதிரி ஒன்று இனிமேல் யார் செய்வார்கள்?

அதை எடுத்துக்கொண்டு போய் சடையன் வீட்டில் வைத்தேன். வெள்ளச்சி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அதைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஒரு தரம் வெடிக்கும். அப்பறம்?"

"அப்பறம் என்னா? ஒரு தரத்துல விழுந்துடும்."

"விழுவலன்னா? திரும்ப மருந்து போட்டு, குண்டு போட்டு, கேப்பு வைக்கிற வரைக்கும் அது வெத்தல போட்டுக்கிட்டு உக்காந்திருக்குமா?"

வெள்ளச்சி முறத்துக்குப் பின்னால் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"ஈட்டின்னா குத்தக்கூட வேணாம் மச்சான். கரடி நிமுந்து நின்னுதான் அடிக்கும். நிக்கிறப்ப நெஞ்சுல வச்சு ஊணிட்டா போதும். இந்தக் கட்ட தடுத்துக்கும். அது கை எட்டாத தூரத்துல நிறுத்திட்டா, கொஞ்ச நேரத்துல தானே வெறுத்துப் போயிடும்."

"நிறுத்துறியா? நீ என்ன பஸ்ஸா நிறுத்துற?"

"அண்ணா, அவரு கைக்குப் பழகினத எடுத்துக்கட்டுமே. அவருதானே நிக்கப் போறாரு" என்றாள் வெள்ளச்சி.

"ஆம்பள பேசுறப்ப நீ சாமையப் பாரு" என்றேன். தங்கையை நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை. அவன்தான் என்னைப் பேச வைத்தான்.

சரி, நான் சொன்னால் கேட்கமாட்டான், சாமி சொன்னால் கேட்பான் என்று பூக் கேட்க முடிவு செய்தோம். வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் வில்லாண்டப்பன் கல்லின் மேல் தண்ணீர் தொட்டு இரண்டு பூ ஒட்டவைப்பார்கள். வலது பக்கப் பூ ஈட்டிக்கு, இடது பக்கப் பூ துப்பாக்கிக்கு. எது முதலில் விழுகிறதோ அது சாமியின் வாக்கு. பூசாரி ஒட்டினார். நாங்கள் கும்பிட்டு நின்றோம். வலது பூ விழுந்தது.

அப்போது காற்று அடித்தது சார். நான் பார்த்தேன். காற்றில் விழுந்த பூவை எப்படிக் கணக்கில் எடுப்பது? வில்லாளுக்கு மறுபடி கேட்க உரிமை உண்டு. மறுபடி கேட்டேன். மறுபடியும் வலது. பூசாரிக்கு வயசாகிவிட்டது, கை நடுக்கம், ஈரம் கூடக் குறைய வைத்துவிட்டார்.

"மச்சான், சாமி ரெண்டு தரம் சொல்லிடுச்சு. வுடு" என்றான் சடையன்.

"உங்க சாமி இல்லடா அது, எங்க சாமி. எனக்குத் தெரியும்" என்றேன்.

மூன்றாம் தடவை நானே பூவை ஒட்டினேன். அப்போதுதான் ஒழுங்காக நடந்தது. இடது பூ விழுந்தது. பூசாரி திருநீறு கொடுத்தார். தப்பாக இருந்தால் அவர் சொல்லியிருக்கமாட்டாரா?

அங்கேயே மருந்து இடித்து, பால்ரஸ் குண்டு போட்டு, துணி வைத்து அடைத்துச் சடையன் கையில் கொடுத்தேன்.

"காலையில நெரப்பிக்கலாமே மச்சான். பனி எறங்குது பாரு."

"ஒனக்குப் பனி, காத்து, மழ இதான் தெரியும். புடி."

"அப்ப ஈட்டியவும் எடுத்துக்கிறேன். ரெண்டும் இருக்கட்டும்."

அது முடியாது என்று சொல்லிவிட்டேன். முதுகாளுக்கு ஓர் ஆயுதம். அது பெரியவர்கள் வைத்த வழக்கம். வழக்கத்தை மீற நான் யார்? அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் துப்பாக்கியை வேட்டி மடிப்புக்குள் வைத்து, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு போனான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி.

மறுநாள் காலையில் பனி. எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. மற்றவர்கள் மேற்கே போனார்கள், நாங்கள் இருவரும் கிழக்குச் சரிவில் இறங்கினோம். ஒரு தனிப் பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. அம்பு விட்டேன். தொடையில் பாய்ந்தது. நான் விட்ட அம்புகளில் அது சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன், பனியில் அவ்வளவுதான் முடியும். பன்றி அம்போடு ஓடியது. ரத்தம் புல்லில் சொட்டிக்கொண்டே போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு போனோம். போகப் போகப் பாறை. பாறைக்குக் கீழே ஒரு பொந்து. பக்கத்தில் கறையான் புற்று, புதிதாக உடைத்துப் போட்டது, மண் ஈரமாக இருந்தது.

சடையன் என் தோளைத் தொட்டான்.

தோளைத் தொட்டால் நில் என்று அர்த்தம். நான் நிற்கவில்லை. ரத்தம் அந்தப் பொந்தைப் பார்த்துத்தான் போனது. முதல் ரத்தம் எனக்கு. அதை விட்டுவிட்டுத் திரும்பினால் பக்கத்து ஊர்க்காரர்கள் என்ன பேசுவார்கள்? மறுபடியும் தொட்டான். இந்தத் தடவை தொடவில்லை, பிடித்தான். பயந்தவன் கை மேலே பட்டால் எனக்குப் பிடிக்காது. உதறிவிட்டேன்.

பொந்துக்குள் இருந்தது கரடி, குட்டிக்காரி சார். குட்டி முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, வெளியே வந்தபோது இறக்கிவிட்டது. ஒரு மனுஷன் சுமையை இறக்கி வைப்பது போல இறக்கிவிட்டு நிமிர்ந்தது. நான் நாணில் கை வைக்கவில்லை. எங்கே நேரம்?

பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சுள்ளி ஒடிக்கிற சத்தம்கூட இல்லை. துப்பாக்கிக் குதிரையை மறுபடி இழுத்தான். மறுபடியும் 'டக்'. அதே துப்பாக்கியை அடிவாரத்தில் நான் வெடித்துப் பார்த்திருக்கிறேன், காக்கைகள் எல்லாம் பறந்தன. அவன் கையில் மட்டும் ஏன் வெடிக்கவில்லை? நம்பிக்கை இல்லாதவன் கையில் எதுவும் வேலை செய்யாது. அதுதான் காரணம். பனி கினி எல்லாம் சும்மா.

அது என் மேல் ஏறியது. அதற்கப்புறம் நடந்ததை நான் ஒரு கண்ணால்தான் பார்த்தேன்.

சடையன் துப்பாக்கியைக் குழாய்ப் பக்கம் பிடித்துக்கொண்டு அதை அடித்தான். என் துப்பாக்கியை, சார், உலக்கை மாதிரி. தலையில் அடித்தான், மூக்கில் அடித்தான், பிடி இரண்டாகப் பிளந்துபோயிற்று. திருப்பிப் பிடித்துக் குழாயால் அடித்தான், குழாய் வளைந்துபோயிற்று. கரடிக்கு அது கொசுக் கடி. அப்புறம் துப்பாக்கியை வீசிவிட்டு, இடது கையை அதன் வாய்க்குள் கொடுத்தான். முழங்கை வரைக்கும். அது என் முகத்தை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் மென்றது. குட்டி கத்தியதும் விட்டுவிட்டுப் போய்விட்டது.

எனக்கு என்ன கோபம் தெரியுமா? கையைக் கொடுக்கிறதாக இருந்தால் முதலிலேயே கொடுத்திருக்கலாம் அல்லவா? துப்பாக்கியாவது மிஞ்சியிருக்கும்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் ஒன்றும் அவன் செய்ததை இல்லை என்று சொல்லவில்லை. அவன் செய்ய வேண்டியது அது. அதற்குத்தான் முதுகாள். ஒற்றைக் கையால் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கினான், அதையும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இறங்குகிற வழி முழுக்க ஓயாமல் பேச்சு. "தூங்காத மச்சான். கண்ண மூடாத மச்சான். வெள்ளச்சிக்கு நான் பதில் சொல்லணும் மச்சான்." தொணதொணவென்று. முதுகாள் பேசக்கூடாது என்பது வழக்கம். அதையும் உடைத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் போட்டார்கள். என்னை ஒரு கட்டிலில், அவனை வேறு ஒரு வார்டில். போலீஸ் வந்தது. எவனோ காட்டுக்குப் போய் வளைந்த குழாயை எடுத்துக் கொடுத்துவிட்டான். "யாரோடது இது?" என்று கேட்டார்கள். எனக்கு வாய் கட்டியிருந்தது, பேச முடியாது. சடையன் என்ன சொன்னான் தெரியுமா? "என்னுது" என்றான். என் காதால் கேட்டேன். அவனையும் என் வார்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள், என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னான். "நான்தான் செஞ்சு வாங்கினேன். அவருக்குத் தெரியாது" என்று.

கிடாரிக் கன்றை ஓட்டிக் கொடுத்தது நான். நாள் கணக்காகக் கொல்லன் பட்டறையில் உட்கார்ந்திருந்தது நான். இவன் அது வேண்டாம் என்றவன். ஊருக்கு முன்னால், போலீசுக்கு முன்னால், என் பொருளைத் தன் பொருள் என்று சொல்கிறான். வெட்கம் வேண்டாம்? கட்டோடு அப்படியே கூட்டிக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். உள்ளே கை அழுகிப் போயிற்று, வெட்டினார்கள். சொல்லக்கூடாத பொய்யைச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

வாய்க் கட்டு அவிழ்த்த பிறகு நீ ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவன் சொன்னான், அது அவன் பாடு. நடுவில் நான் ஏன் போய்க் கெடுக்க வேண்டும்?

அந்த வருஷம் வெள்ளச்சி ஒற்றை ஆளாகச் சாமைக் காட்டைக் காத்தாள். பாதியைப் பன்றி தின்றுவிட்டது. பகலில் ஆஸ்பத்திரிக்கு எனக்குக் கூழ் கொண்டுவருவாள், அங்கிருந்து அவனைப் பார்க்க ஜெயிலுக்குப் போவாள். அவள் நேரத்துக்கு வருவதே இல்லை. உப்பும் சரியாக இருக்காது. சொன்னால் அழுவாள்.

அவன் வெளியே வந்ததும் இங்கேதான் வந்தான். இதோ நீங்கள் ஜீப்பை நிறுத்தியிருக்கிறீர்களே, அங்கே நின்றான். சட்டையின் ஒரு கை காலியாகத் தொங்கியது. நான் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை. "உன் துப்பாக்கிய ஒடச்சுட்டேன் மச்சான், தப்புதான்." அவ்வளவு சொன்னால் போதும், உள்ளே கூப்பிட்டிருப்பேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா?

"சாப்புட முடியுதா மச்சான்?"

மன்னிப்புக் கேட்க வந்தவன் கேட்கிற கேள்வியா சார் இது? என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடிகிறதா என்று கேட்கிறான். "இனிமே என் வாசல்ல கால் வைக்காத" என்று சொல்லிவிட்டேன்.

அன்றையிலிருந்து அவன் கால் வைக்கவில்லை. பாருங்கள் திமிரை. வெள்ளச்சி ராகி மாவும் தேனும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவன் கூடவே வருவான், அந்தப் பாதை திரும்புகிற இடத்திலேயே நின்றுகொள்வான். எனக்கு இங்கிருந்து அவன் துண்டு மட்டும் தெரியும். மழை பெய்தாலும் அங்கேயேதான். மேலே வரமாட்டான். நான் வராதே என்று சொன்னது நிஜம். வராதே என்றால் ஒருவன் வராமலேயே இருந்துவிடுவதா? இத்தனை வருஷமாகவா?

அவன் யாரிடமும் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைப்பட என்ன இருக்கிறது? ஒழுங்காக நடந்துகொண்டவன் என்றால் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? நான் எல்லாரிடமும் சொல்கிறேன். உங்களிடம் சொல்கிறேன். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல துப்பாக்கியாக வாங்குங்கள். லைசென்ஸ் எடுத்து வாங்குங்கள், இரண்டு மூன்று தடவை வெடிக்கிறதாகப் பாருங்கள். இரும்பை நம்பலாம். ஆளை நம்பாதீர்கள். பக்கத்தில் நிற்கிற ஆள் எந்த நேரத்தில் என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் நான் கண்டது.

விடிகாலையில் உங்களோடு யார் நடக்கிறார்கள்? யாரும் இல்லையா? தனியாகவா? பைத்தியமா சார் உங்களுக்கு? பலாத் தோப்பில் கரடி இறங்குகிற காலத்தில் தனியாக நடப்பார்களா? கையில் பீரங்கியே இருந்தாலும் பின்னால் யார் பார்ப்பது? உடனே ஒரு ஆளை...

அது வேறு விஷயம். துப்பாக்கி வாங்குங்கள். அதைத்தான் சொன்னேன்.

உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கள்.

யார், வெள்ளச்சியா? நீங்கள் ஏன் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்? இங்கே சிக்னல் அப்படித்தான், கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து நில்லுங்கள். நான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். சொல்லுங்கள் சார்.

வைத்துவிட்டாளா?

சரி.

எப்போது? இப்போதா? நான் பேசிக்கொண்டிருந்தபோதா?

பார்த்தீர்களா. கொஞ்சம் பொறுக்க முடியவில்லை அவனுக்கு. நான் வரமாட்டேன் என்று சொன்னேனா? நீங்கள் சாட்சி. ஒரு தடவையாவது வரமாட்டேன் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததா? காலையிலேயே குளித்துத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதானே வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். ஜீப் வந்ததும் ஏறிவிடலாம் என்றுதானே. நீங்கள் கரடியைப் பற்றிக் கேட்டீர்கள், நான் சொன்னேன். கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்போம். சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லாமலே போய்விட்டான். கடைசி வரைக்கும் சொல்லவில்லை பாருங்கள்.

அவள் என்ன சொன்னாள்? என்னைக் கேட்டானாமா? வேண்டாம், சொல்லாதீர்கள். அப்புறம் சொல்லுங்கள்.

கையைக் கொடுங்கள், எழுந்துகொள்கிறேன். கால் மரத்துப்போயிற்று.

எங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது சார். முதுகாள் செத்தால், பாடை காட்டுக்குப் போகும்போது எல்லாருக்கும் கடைசியில் வில்லாள் நடக்க வேண்டும். இருந்தவரைக்கும் அவன் இவனுக்குப் பின்னால் நடந்தான், அதனால் அன்றைக்கு இவன் அவனுக்குப் பின்னால். செத்தவனின் ஆயுதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். துப்பாக்கி இருந்தால் அதை எடுத்துப் போயிருப்பேன். அதைத்தான் உடைத்துவிட்டானே. வெள்ளச்சி அந்தத் தொரட்டியைத்தான் என் கையில் கொடுப்பாள். ஊர் முழுக்கப் பார்க்கும். பார்க்கட்டும்.

வண்டியை எடுங்கள். மெதுவாகப் போக வேண்டாம், வேகமாகவே போங்கள்.

ஒன்று கேட்கட்டுமா? அவர்கள் ஊரிலிருந்து புதைகாடு தூரம். இரண்டு பக்கமும் புதர். முன்னால் போகிறவர்கள் பறையும் கூட்டமுமாகப் போய்விடுவார்கள். கடைசியில் நடக்கிறவனுக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது என்று வழக்கம் ஒன்றும் இல்லை. எனக்கு இந்தப் பக்கக் கண்ணும் தெரியாது. நீங்கள் கொஞ்சம் எனக்குப் பின்னால் வருவீர்களா சார்? கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சும்மா வந்தால் போதும்.